நனைந்தால் என்ன ஆகும் என்று கேட்ட அண்ணனுக்கு

என் மேல் எப்போதும் ஒரு கண் வைத்திருந்த சண்முகண்ணா,

நீ போய் ஒரு வருசம் முடிந்துவிட்டது. அமைதியாக நாலு வரி எழுதலாம் என்றுதான் நோட்டை எடுத்தேன். ஆனால் எனக்கு இருக்கிற ஆத்திரத்தில் அமைதியெல்லாம் வரவில்லை. உன் சிநேகிதர்கள் உன் மூஞ்சியை டி-சர்ட்டில் அடித்துவிட்டார்கள், அண்ணா.

அதுவும் காட்டன் டி-சர்ட். தொப்பி வைத்தது, இருநூற்று நாற்பது ஜி.எஸ்.எம். கையில் எடுத்தால் போர்வை மாதிரி கனக்கிறது. முன்பக்கம் நீ துடுப்பைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறாய். முதுகில் ‘எங்கள் வழிகாட்டிக்கு’ என்று வெள்ளை எழுத்து. இதைப் போட்டுக்கொண்டு இருபது பேர் ஆடி மாசத்து மழையில் மலையேறி, மறுநாள் ஏரியில் காயாக் படகு விடுவதாக இருந்தார்கள். உன் நினைவாக!

உன்னைத் தெரியாதவர்கள் இதைப் படித்தால், செத்துப்போன அண்ணன் படத்தை ஆசையாக அச்சடித்திருக்கிறார்கள், இவளுக்கு என்ன வந்தது என்று நினைப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். என் அண்ணன் பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு துணிக் குடோனில் ஸ்டோர் பார்த்தவன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மலைக்கோ தண்ணீருக்கோ ஓடிவிடுவான். ஒருநாள் வேலைக்கு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அவனை மலையும் கொல்லவில்லை, தண்ணீரும் கொல்லவில்லை. ஏனென்றால் அந்த இரண்டிடமும் போகும்போது அவன் அவ்வளவு பார்த்துப் பார்த்துச் சாமான் எடுப்பான்.

எந்தச் சாமானைக் காட்டினாலும் உன்னிடம் ஒரே கேள்விதான்: “இது நனைஞ்சா என்ன ஆகும்?” பையைக் காட்டினாலும் அதே கேள்வி, ஷூவைக் காட்டினாலும் அதே கேள்வி. என் கல்யாணப் பட்டுப் புடவையைப் பார்த்தும் கேட்டாய். அம்மா கரண்டியோடு உன்னைத் துரத்தினாள், ஞாபகம் இருக்கிறதா?

உன் பிறந்தநாளுக்கு நான் செக்கிங் பார்க்கிற பனியன் கம்பெனியிலிருந்து ஒரு காட்டன் டி-சர்ட் கொண்டுவந்து கொடுத்தேன். சாம்பல் நிறம். நானே ஒவ்வொரு தையலாகப் பார்த்து, ஒரு நூல் பிசிறு இல்லாமல் எடுத்துவைத்த பீஸ். நீ மாட்டிக்கூடப் பார்க்கவில்லை. வாளியில் முக்கி எடுத்து, தராசில் வைத்து எடை பார்த்து, மொட்டைமாடிக் கொடியில் உன் பாலியஸ்டர் சட்டைக்குப் பக்கத்தில் போட்டாய். நாம் டீ குடித்துவிட்டு வருவதற்குள் உன் சட்டை காய்ந்துவிட்டது. என்னுடையது சாயங்காலம் வரை சொட்டிக்கொண்டே இருந்தது.

“பாத்தியா செல்வி? மலை மேல காத்தடிக்கறப்ப இது ஒடம்புச் சூட்டையெல்லாம் உறிஞ்சிரும். ஆளு வெறைச்சுப் போயிருவான்” என்றாய்.

“ஏண்ணா, பனியன் ஊர்ல இருந்துட்டு இப்படிப் பேச வாய் கூசல? நமக்குச் சோறு போடறதே இந்தக் காட்டன்தான்.”

“சோறு போடட்டும். நனைஞ்சா ஆகாது.”

அதற்கப்புறம் இரண்டு வாரம் நான் உன்னோடு பேசவில்லை. அந்த டி-சர்ட் எங்கே போனதென்றும் கேட்கவில்லை. ஏதாவது வண்டி துடைக்கப் போட்டிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, இப்போது நடந்த கதைக்கு வருகிறேன். உன் சிநேகிதர் செந்தில், அதாவது வீரபாண்டியில் யூனிட் வைத்திருக்கிற எங்கள் முதலாளி, போன மாசம் என்னைக் கூப்பிட்டார். உன் முதல் வருச நினைவுநாளுக்குக் குழுவே சேர்ந்து போகிறது, நீங்களும் காவ்யாவும் வரணும் என்றார். உன் மகள் காயாக்கில் முன்னால் உட்கார்ந்து ஏரி நடுவில் பூத் தூவ வேண்டுமாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. காவ்யாவும் உடனே சரி என்றுவிட்டாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. கோடை லீவில் கற்றுத் தருகிறேன், கற்றுத் தருகிறேன் என்று நீ எத்தனை கோடையைத் தள்ளிப் போட்டாய்? அந்தக் கோபமும் எனக்கு உன் மேல் உண்டு.

பயணத்துக்குச் சாமான் வாங்கின அழகைக் கேள். செந்தில் போனைத் தடவியே எல்லாவற்றையும் வரவழைத்தார். விரித்தால் பதினெட்டு விதமாக வேலை செய்யும் கத்தி. தலையில் மாட்டுகிற கேமரா. பளிச்சென்று வெள்ளை ஷூ, அடிப்பக்கம் தடவினால் பரோட்டாக் கல் மாதிரி வழவழப்பு. அட்டைக் கடிக்கு ஒரு பொட்டலம் உப்பு எடுத்துவைக்கத் தோன்றவில்லை. மாற்றிப் போட உலர்ந்த காலுறையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆளுக்கொரு விசில் ஜாக்கெட்டில் கட்டித் தொங்க வேண்டும், தண்ணீரில் விழுந்தவன் கத்தினால் காற்றில் கேட்காது என்று நீ தலைதலையாக அடித்துக்கொள்வாயே, இருபது பேருக்கும் சேர்த்து ஒரு விசில்கூட இல்லை. ஆனால் டி-சர்ட் மட்டும் முதல் நாளே ரெடி! நம் ஊரில் காது குத்தினாலும் டி-சர்ட், கட்சி மாறினாலும் டி-சர்ட். செத்தவனுக்கும் அதுதான் மரியாதை.

லைஃப் ஜாக்கெட்டை ரஹீம் பாய் ஏற்றுக்கொண்டார். மிஞ்சின சரக்கு விற்கிற சர்ப்ளஸ் கடை வைத்திருக்கிற உன் ரஹீம் பாய்தான். நீ எங்கே போனாலும் கூட்டிக்கொண்டு அலைந்த மனுசன், உன்னைக் குழிக்குள் இறக்கும்போது பிடித்த கைகளில் ஒன்று அவருடையது. அவர் கடைக்கு வந்த ஒரு லாட்டில் ஆரஞ்சு நிற ஜாக்கெட் இருபத்திரண்டு இருந்தது. “சும்மா எடுத்துக்கங்க, எங்க சண்முகத்துக்குச் செய்யறதுதானே” என்று மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கினார். செந்தில் அதை நேராக என் செக்கிங் மேஜைக்கு அனுப்பினார்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு நீ என்னைத் திட்டலாம்.

நான் அந்த ஜாக்கெட்டுகளைச் செக் செய்தேன், அண்ணா. டேப் வைத்து அளந்தேன். ஒரு இஞ்சுக்கு எத்தனை தையல் என்று எண்ணினேன். கலர் வித்தியாசம் பார்த்தேன். பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன். இரண்டில் மட்டும் நூல் தொங்கியது, அங்கே சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவைத்தேன். மீதி இருபதும் ஓகே என்று கையெழுத்துப் போட்டேன். தையல் அவ்வளவு சுத்தம். நம் ஊர்க் கை என்று பார்த்ததுமே தெரிந்தது, மனசுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

கழுத்துக்குப் பின்னால் லேபிள் இருந்த இடத்தில் கத்தரித்த நுனி நின்றது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். நமக்கு அது ஒரு குறையா என்ன? எக்ஸ்போர்ட்டில் மிஞ்சின சரக்கு வெளியே வந்தால் கம்பெனிப் பெயர் தெரியாமல் லேபிளை வெட்டித்தான் விற்பார்கள். நம் இரண்டு பேர் வீட்டு அலமாரியிலும் லேபிளோடு ஒரு துணி இருந்திருக்கிறதா? லேபிள் வெட்டியிருந்தால் நல்ல சரக்கு என்று நம்பி வளர்ந்தவள் நான்.

மூட்டை வந்து இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் காவ்யாவுக்கு அளவு பார்க்க ஒன்றை உங்கள் வீட்டுக்கு எடுத்துப்போனேன். அவள் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். அழகாகத்தான் இருந்தது. கதவுக்குப் பின்னால் ஆணியில் உன் பழைய சிவப்பு ஜாக்கெட் வெளுத்துப்போய்த் தொங்கியது. அதையும் இதையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தாள்.

“அத்தை, அப்பா புது ஜாக்கெட் எது வந்தாலும் தொட்டியில முக்குவாரே. நாம முக்கலையா?”

“அதெல்லாம் நான் செக் பண்ணிட்டேன் கண்ணு.”

“தண்ணியிலயா செக் பண்ணுனீங்க?”

பிள்ளை குத்தலாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன்.

உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சிமென்ட் தொட்டியில் தண்ணீர் நிரம்பியிருந்தது. நீ வைத்திருந்த அந்த ஐந்து கிலோ இரும்பு எடைக்கல்லைத் தேடி எடுத்தேன். நீ அதை ஜாக்கெட் பெல்ட்டில் கட்டித் தொட்டியில் போட்டுவிட்டு, அடுப்பில் சோறு வேகும் வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். ஜாக்கெட்டைக் குளிப்பாட்டுகிறாயா என்று நான் கேலி செய்திருக்கிறேன். முதலில் உன் சிவப்பு ஜாக்கெட்டில் கட்டிப் போட்டேன். இத்தனை பழசு, அசையாமல் மிதந்தது. அதைக் கழற்றிப் புதுசில் கட்டிப் போட்டேன்.

ஒரு நிமிசம்கூட இல்லை. ஒருபக்கம் சாய்ந்தது, குபுகுபுவென்று காற்றை விட்டது, அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. தண்ணீருக்குள் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. காவ்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கையெழுத்துப் போட்ட பீஸ் அது.

வெளியே எடுத்துத் தையலைப் பிரித்தேன். உள்ளே டி.வி. பெட்டிக்குள் அடைத்துவருகிற மாதிரி மெல்லிய ஸ்பான்ஜ். பிழிந்தால் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் கொட்டியது. ‘இது நனைஞ்சா என்ன ஆகும்?’ ஒரே ஒரு கேள்வி. நீ வருசக்கணக்கில் என் காதில் ஓதின கேள்வி. அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் ஈர ஜாக்கெட்டோடு செந்தில் முன்னால் போய் நின்றேன். ரஹீம் பாயையும் வரச் சொல்லியிருந்தேன்.

“ஏனுங் செல்வி, வேன் சொல்லியாச்சு, ரூம் போட்டாச்சு, இன்னும் நாலு நாள்தான் இருக்குதுங்க. இப்பப் போயி இப்படி நின்னா எப்படீங்க?” என்றார் செந்தில். “அந்த ஏரி கரையோரத்துல ஆழமே இல்லீங்க.”

“பூவை நடு ஏரியில தூவணும்னு நீங்கதான சொன்னீங்க?”

“கூடவே நாங்க இருக்கறமுங்க. நம்ம சண்முகத்தோட புள்ளைய விட்டுருவமா? நல்ல காரியத்துக்குப் போறப்ப அபசகுனமாப் பேசாதீங்க.”

எனக்கு வந்த கோபத்துக்கு அவர் முதலாளி என்பதும் மறந்துவிட்டது, இத்தனை வருசம் அவர் கொடுத்த வேலையும் மறந்துவிட்டது. “அபசகுனமுங்களா? எங்கண்ணன் மூஞ்சியப் போட்டுட்டு அவன் சொன்ன ஒரு சொல்லையும் கேக்காமப் போறீங்களே, அது என்னங்க? அவன் இருந்திருந்தா உங்கள ஒருத்தரயும் வேன்ல ஏத்தியிருக்க மாட்டான். வாங்க, வந்து பாருங்க” என்று அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கம்பெனித் தண்ணீர்த் தொட்டிக்குக் கூட்டிப்போனேன். தையல்காரர்கள் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். மூட்டையிலிருந்து அவரையே ஒன்றை எடுக்கச் சொன்னேன். எடைக்கல்லைக் கட்டிப் போட்டேன்.

அதுவும் போய்விட்டது. இன்னொன்றை எடுக்கச் சொன்னேன். அதுவும் அப்படித்தான்.

ரஹீம் பாய் குனிந்து தண்ணீரையே பார்த்தார். அப்புறம் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு பாலிதீன் கவர். உள்ளே வெட்டின லேபிள்கள். ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். இங்கிலீஷில் பொடி எழுத்து. கடை பொம்மைக்கு மாட்டி வைக்க மட்டும், தண்ணீரில் அணியக் கூடாது என்று போட்டிருந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டுக் கடையின் கண்ணாடிக்குள் நிற்கிற பொம்மைகளுக்காக இங்கே தைத்து, ஆர்டர் நின்றுபோன சரக்கு.

“கம்பெனி லேபிள்தான்னு நெனச்சு எல்லாத்தையும் நானே கத்தரிச்சனுங்க தங்கச்சி” என்றார் ரஹீம் பாய். “படிச்சுப் பாக்கல. என்ற பையனுக்கும் ஒண்ணு எடுத்து ஊட்ல வச்சிருக்கறனுங்க. யா அல்லா!” அப்படியே தொட்டித் திட்டில் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டார்.

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. கத்தரித்தது அவர், கையெழுத்துப் போட்டது நான். எங்கள் இரண்டு பேர் வேலையும் சுத்தமாக இருந்தது, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. பொம்மைக்கு என்றால் பொம்மைக்கு என்று பார்த்ததுமே தெரிகிற நிறத்தில் தைத்திருக்கக் கூடாதா? ஆளைக் காப்பாற்றுகிற சாமான் மாதிரியே பெல்ட்டும் பக்கிளும் வைத்து எதற்காகத் தைக்கிறார்கள்? யாரைக் கேட்பது இதை?

பயணம் தள்ளிப்போனது. உன் நினைவுநாள் அன்று யாரும் எங்கும் போகவில்லை. அண்ணி வீட்டில் படத்துக்கு விளக்கேற்றிச் சோறு படைத்தார்கள், அவ்வளவுதான். செல்வி பிடிவாதம் பிடித்து அண்ணன் நாளைக் கெடுத்துவிட்டாள் என்று குழுவில் இரண்டு பேர் பேசினார்களாம். என் காதுக்கு வந்தது. பேசட்டும். அண்ணி மட்டும் ஒன்று சொன்னார்கள்: “உங்கண்ணனா இருந்தா மூட்டை வந்த அன்னிக்கே முக்கிப் பாத்திருப்பாரு செல்வி. உனக்கு ரெண்டு நாள் லேட்டு.” அது சுட்டது, ஆனால் நியாயம்.

செந்தில் ஒரு வாரம் என் மேஜைப் பக்கமே வரவில்லை. அப்புறம் வந்தார். “நீங்களே லிஸ்ட் போடுங்க செல்வி, எது வேணும் எது வேண்டாம்னு” என்றார். போட்டேன். நீ சாமான் கணக்கு எழுதிவைத்த நோட்டைப் பார்த்துத்தான் போட்டேன். ஏரிக்கரையில் படகு விடுகிறவர்களிடமே ஜாக்கெட் வாடகைக்கு எடுக்கிறோம், ஒவ்வொன்றையும் என் கண் முன்னால் முக்கின பிறகு. ஆளுக்கொரு விசில் கயிற்றில் கட்டியாகிவிட்டது. வெள்ளை ஷூ எல்லாம் வீட்டோடு. பதினெட்டு வேலைக் கத்தியை எங்கள் கம்பெனிச் சமையல்காரம்மா தேங்காய் கீற எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் புகாத பையில் போன், மாத்திரை, உலர்ந்த காலுறை. மலையேற எல்லாருக்கும் லேசான பாலியஸ்டர்.

“அப்ப டி-சர்ட்டை என்னதாங்க பண்றது?” என்று பரிதாபமாகக் கேட்டார் செந்தில். அடுப்பில் போடுங்கள் என்று வாய் வரைக்கும் வந்தது. நாளை சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

நாளைக்கு விடிந்தால் வேன் புறப்படுகிறது. இன்று மத்தியானம் உன் நீலப் பையைக் காவ்யாவுக்காகத் திறந்தேன். தண்ணீரில் போட்டாலும் ஒரு சொட்டு உள்ளே போகாது என்று நீ பீற்றிக்கொள்வாயே, அந்தப் பை. நீ கடைசியாக மடித்துக் கட்டினது, ஒரு வருசமாக யாரும் தொடவில்லை. உள்ளே விசில், கயிறு, உப்புப் பொட்டலம். எல்லாவற்றுக்கும் அடியில், பிரெட் கவரில் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டு ஒன்று இருந்தது.

என் சாம்பல் நிற டி-சர்ட்.

நாங்கள் எக்ஸ்போர்ட்டுக்கு மடிக்கிற மாதிரியே கையை உள்ளே தள்ளி மடித்திருந்தாய். போட்டுப் போட்டுக் கழுத்து தளர்ந்திருந்தது. கை ஓரத்தில் ஒரு தையல் விட்டு, நீயே கோணல்மாணலாகப் போட்டிருந்தாய். காவ்யா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இதா? அப்பா எல்லா ட்ரிப்புக்கும் இதை எடுத்துட்டுப் போவாரே அத்தை. ஈரத்துணி எல்லாம் கழட்டிட்டு, தலை துவட்டிட்டு, கடைசியா இதைத்தான் போடுவாரு. எங்க அத்தை குடுத்தது, இது மட்டும் நனையக் கூடாதுன்னு சொல்லுவாரு.”

ஏன் அண்ணா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை? எத்தனை வருசம், வண்டி துடைத்திருப்பாய் என்று நினைத்தேன் தெரியுமா? இதற்கும் உன் மேல் கோபம்தான் வருகிறது. அழுதுகொண்டேதான் இந்தக் கோபத்தை எழுதுகிறேன்.

செந்திலுக்குப் போன் பண்ணிவிட்டேன். உன் முகம் போட்ட டி-சர்ட் இருபதும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டி, பையின் அடியில் போகிறது. மலையிலிருந்து இறங்கி, ஈரத்தைக் கழற்றின பிறகுதான் யாரும் அதைத் தொடலாம். மறுநாள் ஏரியிலும் அதே சட்டம். காவ்யா உன் சிவப்பு ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்கிறாள், பெல்ட்டை அவள் அளவுக்கு நானே பிடித்துத் தைத்துவிட்டேன். தைத்த பிறகு மறுபடி தொட்டியில் முக்கினேன். சோறு வேகும் வரைக்கும் உட்கார்ந்து பார்த்தேன். மிதந்தது.

அடுத்த கோடைக்குள் உன் பிள்ளைக்கு நீச்சல் தெரிந்திருக்கும், அதற்கு நான் பொறுப்பு. இனி என் மேஜைக்கு எது வந்தாலும் லேபிள் வெட்டின இடத்தில் என்ன எழுதியிருந்தது என்று கேட்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். இது உன் மேல் சத்தியம்.

சாம்பல் டி-சர்ட்டை அதே பிரெட் கவரில் அதே மாதிரி முடிந்து என் பையில் வைத்திருக்கிறேன். நனையவிடமாட்டேன்.

உன்னோடு இன்னும் சண்டை தீராத
உன் தங்கச்சி,
செல்வி